தெரிந்தும் தெரியாதது போல

எந்தப் பெரிய ஊரின் புற்றுநோய் மருத்துவமனையிலும், எந்த நாளிலும் இதைக் காணலாம். முறை வருவதற்குச் சற்று முன்னால் மகனோ மருமகனோ மட்டும் டாக்டரின் அறைக்குள் நழுவி வருகிறார். ஃபைலை மேசை மீது வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "டாக்டர், அப்பாவுக்கு விஷயம் தெரியாது. சாதாரணக் கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் மனம் உடைந்து போய்விடுவார். அவர் எதிரில் அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்." வெளியே இன்னும் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். டாக்டர் தலையசைக்கிறார். பிறகு அப்பா அழைத்து வரப்படுகிறார். அவருடைய உடம்பைப் பற்றிய பேச்சு, அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் இடையே நடந்து முடிகிறது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு தரும் மதிப்பீடு. இவர்களில் கணிசமானவர்களின் வீடுகளில் சிகிச்சை தொடங்கும் முன்பே இந்த ரகசியம் தொடங்கிவிடுகிறது. 'பெரிய வியாதி', 'அந்த நோய்', 'கட்டி' என்று சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள். ரிப்போர்ட்டுகள் பீரோவில் பூட்டப்படுகின்றன. இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. நோயின் பாரத்தை நோயாளிக்கு இல்லாமல் தாங்களே சுமந்துவிட வேண்டும் என்ற பாசம்தான் காரணம்.

ஆனால் பாசத்தின் கணக்கு பெரும்பாலும் தப்பாகிவிடுகிறது. நோயாளிக்குத் தெரியாமல் இருப்பதில்லை. ஆட்டோ டிரைவர் 'கேன்சர் ஆஸ்பத்திரியா சார்?' என்று கேட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறார். வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலையில் முடியில்லை. மூன்று வருடமாக எட்டிப் பார்க்காத தம்பி திடீரென்று ஆப்பிள் பையோடு வந்து நிற்கிறான். வீட்டில் எல்லோரும் வழக்கத்துக்கு மாறாக அன்பாகப் பேசுகிறார்கள். இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? அப்பா புரிந்துகொள்கிறார். பிள்ளைகள் இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறார்களே, தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அவர்கள் இடிந்து போவார்களே என்று அவரும் மறைக்கத் தொடங்குகிறார். இப்போது வீட்டில் இரண்டு ரகசியங்கள். ஒரே விஷயத்துக்காக மகன் மொட்டை மாடியிலும் அப்பா குளியலறையிலும் தனித்தனியே அழுகிறார்கள்.

வலிநிவாரண சிகிச்சையில் ஈடுபட்டிருக்கும் டாக்டர்களுக்கு இது மிகவும் பழகிய விஷயம். 'கொலூஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூட்டு மௌனம் என்று சொல்லலாம். புற்றுநோயாளிக்கு மன ஆதரவு, ஆலோசனை என்று பேசத் தொடங்கினால் முதலில் வந்து நிற்கும் சுவர் இதுதான். நோய் இன்னது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒருவரிடம் போய், உங்கள் பயம் என்ன என்று எந்த ஆலோசகர் கேட்க முடியும்?

மௌனத்துக்கு ரொக்கமாகவே விலை உண்டு. வலியைச் சொன்னால் வீட்டார் பயப்படுவார்கள் என்று நோயாளி பல்லைக் கடித்துக்கொள்கிறார். குறைக்கக்கூடிய வலி குறைக்கப்படாமலே போகிறது. கீமோதெரபியில் முடி கொட்டும், வாந்தி வரும் என்று முன்கூட்டிச் சொல்லப்படாததால், 'வந்த நோயைவிட மருந்துதான் என்னைக் கொல்கிறது' என்று பாதியில் நிறுத்தி விடுபவர்களும் உண்டு. வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், மகளின் கல்யாணம், கொடுத்த கடன் என்று அவர் பேசி முடிக்க வேண்டிய காரியங்கள் பேசப்படாமல் நிற்கின்றன. எல்லாவற்றையும்விட, மனிதர்கள் அதிகம் தேவைப்படும் காலத்தில் அவர் தனியாக விடப்படுகிறார்.

நம் சினிமாவுக்கு இந்தத் தனிமை மிகவும் பிடித்த விஷயம். 1971இல் வந்த 'ஆனந்த்' இந்திப் படத்தில் ராஜேஷ் கன்னா சிரித்துக்கொண்டே இறந்தார். தமிழில் 1982 என்ற ஒரே ஆண்டில் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று இரண்டு வெற்றிப் படங்கள். இரண்டிலும் கதாநாயகன் தன் நோயைக் காதலியிடம் மறைத்துத் தியாகம் செய்கிறான். திரையில் மறைப்பவன் நோயாளி. நிஜத்தில் அவனிடமே மறைக்கிறார்கள். இரண்டுக்கும் பின்னால் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு அழுவதற்கும் சாவதற்கும் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை என்ற நம்பிக்கை. கண்டுபிடித்துப் பத்து, இருபது ஆண்டுகள் வாழ்கிறவர்கள் ஏராளமாக இருக்கும் இந்தக் காலத்துக்கு அது பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2002இல் இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளின்படி டாக்டர் நோயின் கடுமையை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது. ஆனால் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யார் என்று சொல்லும் இடத்தில் 'நோயாளி, அவருடைய உறவினர்கள் அல்லது பொறுப்புள்ள நண்பர்கள்' என்ற பொருளில் விதி அமைந்திருக்கிறது. அந்த 'அல்லது' வழியாகத்தான் மகன் உள்ளே வருகிறார். சிகிச்சைக்கான சம்மதம் என்று வரும்போது இந்த இடைவெளி இல்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு தெளிவானது. மயக்க நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கருப்பையை அகற்றியது தவறு. அவசர ஆபத்து இல்லாத நிலையில், சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவரின் சம்மதம் அவரிடமிருந்தேதான் வர வேண்டும் என்றது நீதிமன்றம். என்ன நோய் என்றே தெரியாமல் எதற்குச் சம்மதிப்பது?

அதற்காக எல்லா உண்மையையும் ஒரே நாளில் நோயாளியின் தலையில் கொட்டிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அப்படிச் செய்வதில்லை. கெட்ட செய்தியைச் சொல்வதற்கென்றே புற்றுநோய் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் ஆறு படிகள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டார்கள். முதலில் தனியான இடம், போதிய நேரம். அடுத்து, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. மூன்றாவதாக, இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் செய்தி. அதுவும் எளிய வார்த்தைகளில், கொஞ்சம் கொஞ்சமாக. அதன் பிறகு அவர் அழுதால் அழ விடுவது. கடைசியில், இனி என்ன செய்யப்போகிறோம் என்ற திட்டம். 'எனக்கு விவரமெல்லாம் வேண்டாம், மகனிடம் பேசிக்கொள்ளுங்கள்' என்று நோயாளி சொன்னால் அதுவும் அவருடைய உரிமைதான். அதை அவர் சொல்ல வேண்டும். அவருக்காக மகன் சொல்லக்கூடாது.

குடும்பத்தாரிடம் ஆலோசகர் நடந்துகொள்ளும் விதம் இன்னும் நுட்பமானது. 'மறைப்பது தப்பு' என்று அவர் உபதேசம் செய்வதில்லை. எதனால் மறைக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர்களுடைய பயத்தை ஒப்புக்கொள்கிறார். இப்படி மறைத்து வைப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று அடுத்த கேள்வி. பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மகன் உடைந்து அழுகிறார். யாரும் அதுவரை அவரிடம் கேட்காத கேள்வி அது. பிறகு ஆலோசகர் ஒரு சிறிய அனுமதி மட்டும் கேட்கிறார். "நானாக எதையும் சொல்ல மாட்டேன். அப்பா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் பேசிப் பார்க்கிறேன்." அந்தப் பேச்சில் அப்பா, 'எனக்குத் தெரியும். பையனிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டான்' என்பார். முடிச்சு பெரும்பாலும் அங்கே அவிழ்ந்துவிடுகிறது.

புற்றுநோயாளியின் மனதைத் தனியே கவனிக்க வேண்டும் என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டது ஒன்றும் வெகுகாலத்துக்கு முன்பல்ல. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 1977இல் அதற்கென்று ஒரு மனநலப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண்மணி. 'சைக்கோ ஆன்காலஜி' என்ற துறை வளர்ந்ததற்கு அவர் முக்கியக் காரணம். மனநோய், பைத்தியம் என்ற சொற்களுக்குப் பயந்தே நோயாளிகள் உதவி கேட்க மறுக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். அதனால் 'டிஸ்ட்ரெஸ்', அதாவது மன வேதனை என்ற சாதாரணச் சொல்லே போதும் என்று முடிவெடுக்கப்பட்டது. அதை அளக்க ஒரு 'தெர்மாமீட்டர்' உருவானது. காகிதத்தில் வரைந்த ஒரு கோடுதான். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் வேதனை எவ்வளவு? எதுவுமில்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. நான்கோ அதற்கு மேலோ காட்டினால் ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். ஜுரம் பார்ப்பது போல இதையும் ஒவ்வொரு முறையும் பார்க்கலாம். காகிதம்கூட வேண்டாம், வீட்டிலேயே கேட்கலாம்.

எல்லா வேதனைக்கும் மருந்து தேவையில்லை. அதிர்ச்சி, கோபம், 'எனக்கு ஏன்?' என்ற கேள்வி, தூக்கமற்ற சில இரவுகள் எல்லாம் இயல்பானவை. ஆனால் மனச்சோர்வு வேறு. புற்றுநோயாளிக்குப் பசி இல்லை, களைப்பு என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நோயும் மருந்தும்கூட அதே வேலையைச் செய்யும். பேரன் வந்தாலும் கிரிக்கெட் ஓடினாலும் எதிலும் மனம் ஒட்டவில்லை, எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன், இது எனக்குத் தண்டனை, செத்தால் தேவலை என்ற எண்ணங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'புற்றுநோய் வந்தால் சோர்வு இருக்கத்தானே செய்யும்' என்று ஒதுக்கிவிடக் கூடாது. புற்றுநோயாளியின் மனச்சோர்வும் சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியதுதான். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஒரே ஒரு எச்சரிக்கை: மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள் மனநல மருத்துவரிடம் அதை அவசியம் சொல்ல வேண்டும். பராக்ஸ்டின், ஃப்ளூவாக்ஸ்டின் போன்ற சில மருந்துகள் டமாக்ஸிஃபென்னின் பலனைக் குறைக்கக்கூடும். வேறு மருந்துகள் இருக்கின்றன.

ஆலோசனை என்ற பெயரில் நடக்கும் இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். 'தைரியமாக இருங்கள், நல்லதையே நினையுங்கள், மனசு நன்றாக இருந்தால் நோய் ஓடிவிடும்' என்ற உபதேசம். 'நல்லதையே நினை' என்பதன் கொடுங்கோன்மை என்று ஹாலண்ட் இதைக் கண்டித்தார். நோய் திரும்ப வந்தால், தான் சரியாக நினைக்காததுதான் காரணம் என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. முன்ஜென்ம வினை என்று பாட்டி சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் ஆராய்ச்சியும் ஒரு பாடம் கற்றிருக்கிறது. 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை ஆராய்ந்து, வாராவாரம் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் வாழ்ந்ததாக எழுதினார். உலகமே பரபரப்படைந்தது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் இதை மறுபடி சோதித்துப் பார்த்தபோது ஆயுள் நீளவில்லை. ஆனால் குழுவில் பேசியவர்களுக்கு மன வேதனை குறைந்திருந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. அதிக வேதனையில் இருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம். ஆக, மன ஆதரவு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். இருக்கும் நாட்களைத் தாங்கக்கூடியதாக ஆக்கும் என்று சொன்னால் நம்பலாம்.

சில விஷயங்களை டாக்டரைவிட, ஆலோசகரைவிட, அதே நோயைக் கடந்து வந்தவரால்தான் சொல்ல முடியும். மார்பகத்தை அகற்றிய பிறகு புடவை எப்படிக் கட்டுவது, கணவனின் எதிரில் எப்படி உடை மாற்றுவது என்று ஒரு பெண் ஆண் டாக்டரிடம் எப்படிக் கேட்பாள்? 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, தன்னைப் போன்றவர்களை மருத்துவமனைக்கே போய்ப் பார்க்கத் தொடங்கினார். அதுவே 'ரீச் டு ரெகவரி' இயக்கம். நம் நாட்டில் ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். தாடை போய், முகம் மாறி, பேச்சுக் குழறும் மனிதர் கண்ணாடியை வீட்டிலிருந்து அகற்றச் சொல்கிறார். அவருக்கு வேண்டியது அதே முகத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு மனிதர்.

இந்தியாவில் இந்தப் பணியைத் தொடங்கியவர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களே. கனடாவில் படித்துக்கொண்டிருந்தபோது ஹாட்ஜ்கின்ஸ் லிம்ஃபோமா வந்து குணமான ஹர்மாலா குப்தா, டெல்லிக்குத் திரும்பி 1991இல் நோயாளிகளுக்கான ஆதரவுக் குழுவைத் தொடங்கினார். 1996இல் அவர் நிறுவிய கேன்சப்போர்ட் அமைப்பு, டாக்டர், நர்ஸ், ஆலோசகர் மூவரையும் ஒரே காரில் நோயாளியின் வீட்டுக்கு அனுப்புகிறது, கட்டணமில்லாமல். மும்பையில் 1994இல் வந்தனா குப்தா தொடங்கிய வி கேர் அமைப்பும் நோயிலிருந்து மீண்டவர் ஒருவரின் முயற்சிதான். அதே ஊரில் 1969 முதல் இயங்கும் கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் மருந்து உதவியோடு ஆலோசனையும் தருகிறது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் சைக்கோ ஆன்காலஜிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு சிறிய அறையில் தொடங்கிய வலிநிவாரண சங்கம் கேரளம் முழுவதும் பரவியது. அங்கே அக்கம்பக்கத்து ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள் பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். 2008இல் இதற்கென்று அரசுக் கொள்கை வகுத்த முதல் மாநிலமும் கேரளம்தான்.

இந்த இதழைத் தமிழ்நாட்டுக்கு வெளியே படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மொழி. மும்பை பரேலில் 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஊரிலிருந்து தாராவிக்கோ செம்பூருக்கோ மகன் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து சிகிச்சைக்குப் போகும் தமிழ்த் தாய்மார்கள் அவர்களிலும் உண்டு. இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. டாக்டர் சொல்வதை மொழிபெயர்ப்பவர் யார்? அதே மகன். டாக்டர் இரண்டு நிமிடம் சொன்னதை அவர், 'ஒன்றுமில்லையாம் அம்மா, மருந்து கொடுத்தால் சரியாகிவிடுமாம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். அம்மா கேட்ட கேள்வியும் டாக்டரிடம் போய்ச் சேர்வதில்லை. ரகசியத்தின் காவலாளியே மொழிபெயர்ப்பாளரும் ஆகிவிட்டால் நோயாளிக்கு வெளியேற வழியே கிடையாது.

இதற்கு வழி, குடும்பத்தைச் சேராத ஒருவரைத் தேடுவது. பெரிய மருத்துவமனைகளில் தமிழ் தெரிந்த நர்ஸோ ஊழியரோ அநேகமாக இருப்பார். சமூகப் பணிப் பிரிவில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்திலும் கேட்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அது புற்றுநோய்க்கென்று ஏற்பட்டதல்ல. ஆனால் நள்ளிரவு 2 மணிக்குத் தூக்கம் வராத நோயாளிக்கும், அவர் பக்கத்தில் விழித்திருக்கும் மனைவிக்கும் தாய்மொழியில் ஒரு குரல் கேட்பது சிறிய விஷயமல்ல.

வலிநிவாரண சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். கடைசி நாட்களுக்கு மட்டுமானதல்ல அது. 2010இல் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கவனிப்பையும் பெற்றவர்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் 16 சதவீதம் பேருக்கே இருந்தன. மற்றவர்களில் அது 38 சதவீதம். அவர்கள் அதிக காலமும் வாழ்ந்தார்கள், சராசரியாக 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். இது வெறும் பேச்சின் பலன் அல்ல. வலி, மூச்சுத் திணறல், மருந்து முடிவுகள், மனது எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்ததன் பலன். ஆகவே 'இன்னும் அந்த நிலைமை வரவில்லை' என்று காத்திருக்கத் தேவையில்லை.

கவனித்துக்கொள்பவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அநேகமாக அது மனைவி, மகள் அல்லது மருமகள். ஆறு மாதமாக மருத்துவமனை பெஞ்சில் தூங்குகிறவளிடம் வருகிற ஒவ்வொருவரும் 'அவர் எப்படி இருக்கிறார்?' என்றுதான் கேட்கிறார்கள். அவளுக்கும் ஆலோசனை உண்டு, கேட்டுப் பெறலாம். அவளே நோயாளியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சமையலறைக்கு யார் போவது என்ற கவலையே அவளுக்கு முதல் கவலையாக இருக்கிறது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களிடமும் மறைக்கிறோம். குழந்தைகள் காரணத்தைத் தாங்களே கற்பித்துக்கொள்வார்கள். நான் சொன்ன பேச்சைக் கேட்காததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொள்ளும் எட்டு வயதுக் குழந்தை உண்டு. அவர்களுக்கு மூன்று விஷயம் சொன்னால் போதும். இது உன்னால் வரவில்லை. இது ஒட்டுவாரொட்டி அல்ல, அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம். உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.

சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு பள்ளம் உண்டு. கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் இனிப்பு வழங்குகிறார்கள். நோயாளிக்கு மட்டும் திகில். தினமும் கவனித்த டாக்டர்கள் இல்லை, வரிசையில் பழகிய நண்பர்கள் இல்லை. ஒவ்வொரு தலைவலியும் நோய் திரும்பிவிட்டதன் அடையாளமோ என்று தோன்றுகிறது. ஆறு மாதப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் வீடே நிலைகொள்ளாமல் தவிக்கிறது. குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு இன்னொரு கவலை, கல்யாணப் பேச்சில் இதைச் சொல்வதா என்று. அப்படிப்பட்ட இளைஞர்கள் சேர்ந்து 2009இல் மும்பையில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவில் 'உகம்' என்ற குழுவை அமைத்திருக்கிறார்கள். நோய் போன பிறகும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

இனி, கேட்க வேண்டிய கேள்விகள். மருத்துவமனையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சமூகப் பணியாளர் யார், ஆலோசகர் எந்த நாளில் இருப்பார், கட்டணம் உண்டா, அறை தனியானதா, பேசியதைக் குடும்பத்தாரிடம் சொல்வாரா என்று விசாரித்துவிட வேண்டும். மீண்டவர்களின் குழு ஏதாவது வந்து போகிறதா என்று கேட்க வேண்டும். வலிநிவாரணப் பிரிவு உண்டா, வீட்டுக்கு வருவார்களா என்றும் கேட்க வேண்டும். இதெல்லாம் தானாக வந்து கதவைத் தட்டாது. இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது போல இதையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு மந்திரித்த எண்ணெயும் மூலிகைப் பொட்டலமும் விற்பவர்களிடமிருந்து விலகியே இருக்க வேண்டும். கீமோதெரபியை நிறுத்தச் சொல்பவர் ஆலோசகர் அல்ல.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. 'ஒன்றும் ஆகாது' என்று சொல்ல வேண்டாம். அது உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் இதே நோயில் போன கதையும், யாரோ பப்பாளி இலைச் சாற்றில் பிழைத்த கதையும் வேண்டாம். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பொறுமையாக உட்கார்ந்திருங்கள். அவர் அரசியல் பேசினால் அரசியல் பேசுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். மகன் ஒரு இரவு வீட்டில் படுத்துத் தூங்கட்டும் என்று நீங்கள் மருத்துவமனையில் இருங்கள். சாப்பாட்டு கேரியரைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னால், செவ்வாய்க்கிழமை வந்துவிடுங்கள்.